அடிப்பூச்சு

ரிஷிவந்தியம் அருணகிரியின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, அடிப்பாகத்தில் ஆதியில் இருந்த அதே சொரசொரப்பான கருப்புப் பூச்சைக் கள்ளக்குறிச்சி மெக்கானிக் பெரியண்ணன் மூன்று மாதம் மல்லாந்து கிடந்து பூசி முடித்தார்.

"நாளன்னிக்கு மெட்ராஸ்ல பழைய காருங்க போட்டி. வண்டிய இப்பவே எடுத்துக்கினு போறேன்" என்றார் அருணகிரி.

"இன்னும் ஒருநாள் காயணுங்க. இப்ப ஓட்டுனா புழுதி ஒட்டிக்கும். நடுவருங்க குனிஞ்சு பாக்கறதே அடியத்தானுங்களே?"

"நாளைக்கு இடஒதுக்கீட்டு மறியலுன்றாங்களேப்பா."

"அது பஸ்ஸுக்குத்தாங்க. உங்க வண்டிய இன்னா பண்ணப் போறாங்க?"

அருணகிரி இணங்கினார்.

மறுநாள் காலை, பெரியண்ணன் தம் வேலையை முதன்முறையாக நல்ல வெயிலில் முழுமையாகக் கண்டார். ஒரு கீறல்கூட இல்லை. கூடியிருந்தவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தனர். எவரும் குனிய வேண்டியிருக்கவில்லை.

எலவனாசூர்கோட்டைச் சாலையில், வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் அருகே, இருவரும் மெட்ராஸுக்குக் கிளம்பி வந்த வழியில் மறியல் கூட்டம் குறுக்கே புரட்டிப் போட்ட கார், நான்கு சக்கரங்களும் வானத்தை நோக்க, கவிழ்ந்து கிடந்தது.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற?" என்றார், சாலையோரம் அமர்ந்திருந்த அருணகிரி.

பெரியண்ணன் பூச்சின்மீது விரலை வைத்துப் பார்த்தார்.

"நல்லா காஞ்சிடுச்சுங்க."