திருப்பி அனுப்பு

கருங்கடல் துறைமுகத்தில் கப்பலில் வந்திறங்கிய கன்டெய்னரைத் திறந்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சுங்க அதிகாரி திமித்ரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுத்தமான பிளாஸ்டிக்னு சீல் குத்தியிருக்கு, உள்ள பூரா அழுகின குப்பை! இதை நாடு விட்டு நாடு அனுப்பக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நம்ம பல்கேரியா என்ன குப்பைத்தொட்டியா? ஏத்தின இடத்துக்கே திருப்பி அனுப்பு, பிளாமென்!"

"திருப்பி அனுப்பினதுதான் மேடம் இது. ஏத்தினதே நம்ம துறைமுகத்துலதான்."

"திறந்துகூடப் பார்க்காம சீல் குத்தின முண்டம் எது? இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

உதவியாளன் பிளாமென் தயங்கித் தயங்கிப் பழைய ஏற்றுமதி அனுமதித் தாளை நீட்டினான்.

"போன அக்டோபர் இருபத்தாறு மேடம். புனித திமித்ரி திருநாள். உங்க பேர் கொண்ட புனிதரோட நாள்னு ஆபீஸ் பூரா கேக் குடுத்தீங்களே…"

அவள் கையெழுத்தின் மேல் கேக் கிரீம் காய்ந்து கிடந்தது.