மூன்றாவது குத்து

இந்திராதேவி தன் வெள்ளை பெல்ட்டின் முடிச்சை மறுபடி இறுக்குகிறாள். கராத்தே கூடத்துப் பாயில் மாலை வெயில் நீளமாகக் கிடக்கிறது; வெளியே பல்லரோ சந்தையில் மீன்காரன் கூவுகிறான். “இச்சி, நி, சான்” என்று மாஸ்டர் எண்ண எண்ணக் குத்தவேண்டும். மூன்றாவது குத்தோடு “கியாய்” என்று கத்தவேண்டும். அவளுக்கு வெறும் மூச்சுத்தான் வருகிறது. லிபெர்த்தா வீதி வீடொன்றில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும், அவள் பராமரிக்கும் இத்தாலிய முதலாளியம்மா சின்யோராவின் நித்திரை கலையாமல், ஆறு வருடமாகக் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துப் பழகியவள். “அடிவயித்திலையிருந்து கத்துங்கோ அம்மா, இஞ்சை ஒருதரும் படுக்கேல்லை,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் மகள் நிரோசினி. மாஸ்டர் திரும்ப எண்ணுகிறார். மூன்றில் அவள் குரல் வெடித்துக் கிளம்புகிறது. சன்னல் கண்ணாடி அதிர்கிறது, மீன்காரன்கூட ஒரு கணம் வாயடைத்துப் போகிறான். நீட்டிய கையை மடக்காமலே, யாருமில்லாத வாசலைப் பார்த்து அவள் மெல்ல மன்னிப்புக் கேட்கிறாள்: “ஸ்கூசி, சின்யோரா.”