வழக்கை மேலே ஏற்றியவர்

"அக்கா, வழக்கு மேலை போயிட்டுதாம்!"

ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மாக்கிரட்டின் கை அப்படியே நின்றது. ஓடி வந்த ஜொய்சிக்கு மூச்சு வாங்கியது.

"எந்த வழக்கு?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறியள். உங்கடை மனிசன் றெனோல்ட் அண்ணைக்குப் போட்ட வழக்கு! சின்னக் கோட்டிலையிருந்து பெரிய கோட்டுக்கு மாத்தியாச்சாம். இப்பத்தான் வாசலிலை வைச்சு உங்கடை மனிசனே தன்ரை வாயாலை சொன்னவர்."

மாக்கிரட்டுக்கு அது புதுச் செய்தி.

ரொக்ஸ்பரோவில் இரண்டு வீடும் அடுத்தடுத்து. றெனோல்ட் வளவு மேப்பிள் மரத்தின் வேர் வந்து இவர்களுடைய கழிவுக் குழாயை உடைத்தது. பேஸ்மென்ற் முழுக்க ஊத்தைத் தண்ணீர். பாடகர் குழுவில் தோளோடு தோள் நின்று பாடுகிறவர் என்றும் பாராமல் அவள் கணவர் எமிலியானுஸ் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்.

"நாங்கள் எல்லாரும் லீவு போட்டிட்டு வழக்குப் பாக்க வர இருந்தனாங்கள்," என்றாள் ஜொய்சி. "சின்னக் கோட்டிலை லோயர்மாருக்கு இடமில்லை. ரெண்டு பேரும் தாங்களே எழும்பி நிண்டு வாதாட வேணும். எவ்வளவு ஆசையா இருந்தது! பெரிய கோட்டிலை லோயர்மார்தான் கதைப்பினம். இவையள் சும்மா இருப்பினம்."

"ஏனாம் மாத்தினவர்?"

"சின்னக் கோட்டிலை காசு மட்டும்தானாம் கேக்கலாம். எமிலியானுஸ் அண்ணை இப்ப மரத்தையே தறிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதைப் பெரிய கோடுதான் விசாரிக்குமாம்."

மாக்கிரட் தேநீர்க் கேத்தலை மேசையில் வைத்தாள். அந்த மரம், வீடு வாங்கிய வருடம் றெனோல்டின் மனைவி நட்டது. அவள் இப்போது இல்லை. மரம்தான் இருக்கிறது.

"றெனோல்ட் அண்ணைக்கும் வேணும்தான்," ஜொய்சி விடவில்லை. "ரொறன்ரோவுக்கு மகளிட்டைப் போய் வந்ததிலையிருந்து எவ்வளவு தலைக்கனம்! இண்டைக்கும் பாருங்கோ, தனியப் பாடினார், கோயிலே உருகினது. பாடி முடிய ஆரோடையும் ஒரு சொல்லுக் கதைக்காமல் போயிட்டார். எண்டாலும் அந்த மரத்தைத் தறிக்கிறதெண்டால்... கோவிக்காதையுங்கோ அக்கா, உங்கடை மனிசனுக்கு இரக்கமே இல்லை."

கார்க் கதவைச் சாத்தியதும் மாக்கிரட் வெடித்தாள்.

"உங்களுக்கு நெஞ்சிலை ஈரம் எண்டு ஒண்டு இருக்கோ? அவள் நட்ட மரத்தையோ தறிக்கப் போறியள்?"

எமிலியானுஸ் காரை எடுக்கவில்லை.

"ஆர் தறிக்கிறது? கோடு தறிக்கச் சொன்னாலும் நான் விடமாட்டன். அப்பிடிக் கேட்டால்தான் வழக்கு மேலை போகும் எண்டு லோயர் சொன்னவர்."

"மேலை போய் என்ன காணப் போறியள்?"

"ரொறன்ரோவிலை அவனுக்கு ஸ்ட்ரோக் வந்தது, மாக்கிரட். பாட்டு வருது. பேச்சு வருகுதில்லை."

"விசர்க் கதை! இண்டைக்கும் பாடினவர்."

"நானும் தலைக்கனம் எண்டுதான் நினைச்சனான். வேலியடியிலை மறிச்சு நல்லா ஏசிப்போட்டன். அவன் என்ரை பேரைச் சொல்ல வெளிக்கிட்டான். எமி... எமி... அதுக்கு மேலை வரேல்லை. கண்ணெல்லாம் தண்ணி. உள்ளை ஓடிப் போய்க் கதவைச் சாத்தினான். அவன்ரை மகளுக்கு போன் எடுத்தன். ஒருதருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ மாமா எண்டு அழுதாள்."

மாக்கிரட்டின் குரல் தாழ்ந்தது. "அப்ப வழக்கை விட்டிடலாமே?"

"பாவம் பாத்து விட்டனெண்டு தெரிஞ்சால் பேந்து அவன் எனக்குப் பக்கத்திலை நிண்டு பாடுவானோ? எங்கடை பேஸ்மென்றும் நாறினதுதானே. சண்டை சண்டையா இருக்கட்டும். மகள் அவனுக்கு நல்ல லோயரைப் பிடிச்சிட்டாள். ஜொய்சியும் கூட்டமும் பின்வரிசையிலை இருந்து பாக்க, அவன் வாய் திறக்கேலாமல் நிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"சனம் உங்களைப் பற்றி என்ன கதைக்குது தெரியுமோ?"

"கதைக்கட்டும். அதுகளுக்குக் கதைக்க ஏலும்."

போன் அடித்தது. ஜொய்சிதான். குரலில் இன்னும் அதே துடிப்பு.

"அக்கா, கேட்டியளோ? என்னவாம் அண்ணை? ஏனாம் இவ்வளவு வன்மம்?"

மாக்கிரட் கணவனைப் பார்த்தாள். அவர் காரின் முன்கண்ணாடியில் விழுந்திருந்த சிவந்த இலையொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையேன் கேக்கிறாய் ஜொய்சி," என்றாள். "நீ சொன்னது சரிதான். இந்த மனிசனுக்கு இரக்கமே இல்லை."