சிவப்புப் புள்ளி

ஒரகடம் கார் ஃபேக்டரியில் எங்கள் லைனில் ஒருவர் போல்ட்டை முறுக்கி மஞ்சள் பெயிண்டில் புள்ளி வைப்பார். அடுத்தவர் அதைச் செக் பண்ணி வெள்ளைப் புள்ளி வைப்பார். எனக்கும் என் புருஷன் நிலவனுக்கும் வீட்டு ஷெட்டிலும் அதே பழக்கம்.

அந்த ஷெட்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்து, ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காகப் புதிதாகக் கட்டினோம். எஞ்சின் ஹெட்டில் பத்து போல்ட். மஞ்சள் நிலவன், வெள்ளை நான்.

சனிக்கிழமை காலை கடைசியாக ஒருமுறை பார்க்க எஞ்சின் மூடியைத் திறந்தோம். ஒன்பது போல்ட்டிலும், எங்களுக்குப் பிறகு யாரோ செக் பண்ணியது போல, மூன்றாவதாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. எங்களிடம் சிவப்பு பெயிண்ட் கிடையாது. ஷெட் சாவி என் கைப்பையிலேயே இருந்தது.

சிவப்பு இல்லாத பத்தாவது போல்ட்டில், சரியான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச்சை வைத்து முறுக்கினேன். கால் சுற்று போன பிறகுதான் ‘கிளிக்’ என்றது.

"இன்னா மெர்சி, நீ செக் பண்ணலையா?"

"நீ முறுக்குனதாச்சேன்னு புள்ளி வெச்சுட்டன்யா."

"நீ எப்படியும் செக் பண்ணுவன்னு நான் லூசா வுட்டுட்டேன்!"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கார் பன்னிரண்டு ரவுண்டு ஓடியது. எந்த வளைவிலும் ஆயில் பிரஷர் முள் இறங்கவில்லை. நிலவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆடினான். நான் விசிலடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்தோம். பத்தாவது போல்ட்டிலும் சிவப்புப் புள்ளி இருந்தது. தொட்டேன், விரலில் ஈரமாக ஒட்டியது.

"நம்மள பாஸ் பண்ணிட்டாங்க மெர்சி!" என்று நிலவன் கத்தினான்.