தொடைக்கறி

“என்ன மச்சான், கறியைத் தொடவே இல்ல? என் வீட்டுச் சோத்துல விஷமா வச்சிருக்கு?”

ஸாயில் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அவனுடைய சித்தப்பா மகன்கள் இருவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். ஊர் இமாம் மட்டும் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தார்.

ராக்கான் தயிர்க் குழம்பை ஒரு கிண்ணத்தில் வாங்கி, மருந்து குடிப்பதுபோல உறிஞ்சிக்கொண்டிருந்தான். “வயிறு சரியில்ல மச்சான். குழம்பு போதும்.”

“உனக்கா வயிறு சரியில்ல? போன பெருநாளுக்கு முக்கால் ஆட்டை உள்ள தள்ளிட்டு, சாப்பாடு எப்போன்னு கேட்ட ஆளு நீ!”

இப்போது அந்த வயிறு ஒரு வாழைப்பழ அளவுதான். உடம்பு இளைப்பதற்காக மீதியை அம்மான் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கெட்டியாக ஏதாவது இறங்கி உள்ளே தையல் விட்டுவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டைவிட்டு வெளியே வந்ததே இன்றுதான். ஸாயிலைக் கட்டிய தங்கை மைஸா விடாமல் போன் செய்தாள். “இந்த வெள்ளிக்கிழமையே வாண்ணே. குழம்பைக் குடிச்சாப் போதும். ஆபரேஷன் விஷயம் மட்டும் அவர் காதுக்குப் போக வேணாம். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.”

அவள் குழம்புச் சட்டியோடு உள்வாசலில் நின்றிருந்தாள். இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தன. அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை.

ஸாயிலின் சிரிப்பு நின்றது.

“இப்பப் புரியுது. ஸாயில் வீட்டுல கை நனைக்காதேன்னு உங்கப்பா சொல்லி அனுப்பியிருக்கார். நாலு பேர் முன்னாடி என் மூஞ்சில துப்பத்தான் வந்திருக்க.”

“சத்தியமா இல்ல மச்சான்…”

ஸாயில் ஆட்டின் தொடையைப் பிய்த்து, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை ராக்கான் முன்னால் வைத்தான்.

“நாக்கை அடக்கு, ஸாயில்” என்றார் இமாம்.

“பள்ளிவாசல்ல அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள இவன் இந்தத் துண்டை முழுசாத் தின்னலன்னா, என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!”

விருந்தாளி பிகு பண்ணினால் அங்கே ஆண்கள் வாயில் சட்டென்று வந்துவிடும் சத்தியம்தான். விருந்தாளியும் சிரித்துக்கொண்டே தின்றுவிடுவான். ஆனால் இமாமின் கையிலிருந்த சோறு உதிர்ந்தது.

“பாவி! முன்னாடியே ரெண்டு தடவை தலாக் சொன்ன. ரெண்டு தடவையும் நான்தான் சேர்த்து வச்சேன். இது மூணாவதுடா. இதுக்கப்புறம் யார் கொண்டாந்து விட்டாலும் அவ உன்கூட இருக்கிறது ஹராம்.”

“அவன் தின்னுடுவான். தின்னுடு மச்சான்.”

ராக்கான் சட்டையைத் தூக்கிக் காட்டினான். தழும்புகள் இன்னும் சிவப்பாக இருந்தன. “வயித்தையே வெட்டி எடுத்திருக்காங்க. இதைத் தின்னா நான் செத்துருவேன்.”

“இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்று சித்தப்பா மகன்களில் ஒருவன் முனகினான்.

ஸாயில் வெளுத்துப்போனான். இமாமின் முழங்காலைத் தொட்டான். “எனக்குத் தெரியாதுங்களே. தெரியாம சொன்னது செல்லுமா?”

“அவனைச் சாகச் சொல்ல என்னால முடியாது. நீ சொன்னது என் காதுல விழலன்னும் சொல்ல முடியாது.” இமாம் கடிகாரத்தைப் பார்த்தார். குளிர்காலத்து வெயில் அதற்குள் சுவரில் ஏறியிருந்தது.

“மெதுவா மென்னு தின்னு மச்சான்.” ஸாயிலின் குரல் கெஞ்சியது. “உன் தங்கச்சிக்காக. தலாக் ஆகி வந்து நிக்கிறவள உங்கப்பா வாசல்ல சேப்பாரா?”

ராக்கானுக்கு அங்கேதான் வலித்தது. இதற்கு முன் இரண்டு முறையும் அழுதுகொண்டு வந்தவளை அன்று மாலையே திருப்பிக் கொண்டுவந்து விட்டவர் அப்பா. மைஸா சாகும்வரை கேட்கப்போகும் பேச்சுகள் எல்லாம் அவன் காதில் இப்போதே விழுந்தன.

கறித்துண்டைக் கையில் எடுத்தான்.

மைஸா சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஆண்கள் சாப்பிடும் இடத்துக்கு அவள் அப்படி வந்ததே இல்லை. அண்ணன் முன்னால் மண்டியிட்டு, அவன் கையிலிருந்த கறியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“என் வாழ்க்கையைக் கெடுத்துடாதண்ணே! உன் கால்ல விழறேன். நானே பிச்சுப் பிச்சு ஊட்டறேன், தின்னுடுண்ணே!”

அந்த அலறல் தெருவரை கேட்டிருக்கும். இமாம் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸாயில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

ராக்கான் கண்ணை மூடி, சாகும்போது சொல்லும் கலிமாவை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாயைத் திறந்தான்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, அஸர் பாங்கு தொடங்கியது. அவள் உள்ளங்கை அவன் தாடையை அழுத்தி மூடியது. கன்னத்தோடு கன்னம் வைத்து அழுபவள்போல அவன் காதருகே குனிந்தாள்.

“இதுக்குத்தாண்ணே உன்னைக் கூப்பிட்டேன்.”