கிட்டாரில் களவு

"அண்ணாச்சி, உள்ளதும் போச்சு நொள்ளக்கண்ணாங்கிற கதையால்ல ஆக்கி வச்சிருக்கிய!"

கச்சேரியில் வாசிக்கும் மகாராஜா தன் பேஸ் கிட்டாரை மேசைமேல் வைத்த வேகத்தில், மல்டிமீட்டரில் பூசியிருந்த நேற்றைய ஆயுத பூசைச் சந்தனம் உதிர்ந்தது. செந்தூர்பாண்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தைந்து வருஷமாகத் தூத்துக்குடியில் ஆம்ப்ளிஃபயரும் கிட்டாரும் பழுது பார்க்கிறவர். கச்சேரிக்காரன் எவனும் இதுவரை அவர் கடையில் நின்று குரலை உயர்த்தியதில்லை. இவன் காலையில் வாங்கிப்போன கிட்டாரை மத்தியானமே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

"என்னலே ஆச்சு? சத்தம் இன்னும் கொஞ்சம் கனமா, கதகதப்பா வேணும்னு நீதான கேட்ட? அதுக்குத்தான் கெப்பாசிட்டர மாத்திக் குடுத்தேன்."

"கனமாவா? முன்னால 'தும், தும்'னு நெஞ்சுல வந்து உக்காரும். இப்ப 'டொய்ங்ங்'னு தகரத்தத் தட்டுன மாதிரி இழுத்துக்கிட்டே போவுது. சாயங்காலம் ஏரல்ல தசராக் கச்சேரி. இதக் கொண்டுபோனா என்னய மேடைய விட்டே எறக்கிருவாவ!"

கழற்றிய பழைய பாகத்தைப் பொட்டலம் கட்டி வாடிக்கையாளர் கையில் கொடுப்பது செந்தூர்பாண்டியின் வழக்கம். மகாராஜாவின் சட்டைப்பையில் இருந்த பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார். அந்தப் பழைய கெப்பாசிட்டரையே திரும்பவும் ஈயம் வைத்துப் பற்ற வைத்தார்.

"இப்ப வாசி."

டொய்ங்ங்.

"அப்ப இது என் சாமானே இல்ல!" மகாராஜா குதித்தான். "ஒரிஜினல உருவிட்டு, குப்பையில கெடந்தத எடுத்துப் பொட்டலம் கட்டியிருக்கிய!"

செந்தூர்பாண்டி விருட்டென்று எழுந்தார். அடுத்தவன் ஸ்குரூ ஒன்றைக்கூட ஆசைப்பட்டு எடுத்தறியாத மனுஷனுக்கு இந்தப் பேச்சா?

"ஏலே, நாக்க அடக்கிப் பேசு! களவாணிப் பட்டம் வாங்கவா இத்தன வருஷம் இங்கன ஒக்காந்து கண்ணு அவிஞ்சேன்?"

"கச்சேரிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போடத்தான் போறேன். இனிமே ஒருத்தன் உங்க கடைப்படி ஏறுதானான்னு பாருங்க."

"போடுலே! திருச்செந்தூரான்மேல சத்தியமாச் சொல்லுதேன். இந்தக் கிட்டார்ல இருந்த ஒரு துரும்புகூட என் கடைய விட்டு வெளிய போகல!"

சொன்ன வேகத்தில் கிட்டார்மேல் ஓங்கி அடித்தார். உள்ளங்கை, கம்பிகள் முடியும் இடத்தில், பளபளத்த இரும்பு மூடிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆத்திரத்தில் மகாராஜாவும் ஒரு கம்பியைச் சுண்டினான்.

தும்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, கைய எடுங்க." டொய்ங்ங். "வைங்க." தும்.

"கம்பி முடியுற எடத்துல என்னமோ அமுக்கிக்கிட்டு இருந்திருக்குலே. அந்த மூடிக்குள்ள என்ன வச்சிருந்த?"

"எனக்கென்ன தெரியும்? எட்டு வருஷத்துக்கு முன்னால பழசா வாங்குனது. அன்னையிலேர்ந்து அந்த மூடிய நான் தொறந்ததே இல்ல."

செந்தூர்பாண்டி ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திருப்பினார். உள்பக்கம் விரல் நீளத்துக்குக் காய்ந்துபோன பசைத்தடம் மட்டும் இருந்தது.

"பாத்தியளா! இங்கன இருந்தத எவனோ பிச்சிருக்கான். களவு களவுதான!"

செந்தூர்பாண்டி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சிச்செல்விக்குத்தான் பொறுக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள்.

"என்ன தம்பி களவு? உப்புக்காத்துல துருவேறிக் கெடந்த அந்த மூடிய, பூசைக்கு வைக்கணும்னு நாந்தான் கழட்டி, புளி போட்டுத் தேச்சு, கண்ணாடி கணக்கா ஆக்கி வச்சேன். அதுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்ல ஆளில்ல, களவாம்ல களவு!"

கோபத்தில் அவள் இறுக்கிப் பிழிந்த விரல் நீளக் கறுப்பு ஸ்பாஞ்சிலிருந்து டம்ளர் கழுவிய நுரை சொட்டியது. அதன் ஒரு பக்கத்தில் அதே காய்ந்த பசை.

திருச்செந்தூரான்மேல் செந்தூர்பாண்டி செய்த சத்தியம் மட்டும் அணுவளவும் பொய்யாகவில்லை.