திரையில் ஓடிய பாடம்

"எண்பத்திநாலு பேர்ல எழுபத்தொன்பது பேர் பாஸ்! நம்பச் சொல்றீங்களா?"

வேதியியல் துறைத் தலைவி க்வென் ப்ரூயிட் மதிப்பெண் பட்டியலை மேஜைமேல் வீசினாள்.

எதிரே புரொஃபசர் ஆரின் ஹாகன், பனியில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவர் வகுப்பில் வருஷா வருஷம் பாதிப் பேர் தேறினாலே பெரிய விஷயம். மினசோட்டா மாநிலம் முழுக்கத் தெரிந்த கதை அது.

"பசங்க படிச்சிருக்காங்க, க்வென்."

"இருபத்திரண்டு வருஷமா படிக்காதவங்க திடீர்னு படிச்சுட்டாங்களாக்கும்! கொஸ்டின் பேப்பர் வெளியே போயிருக்கு. யாரு மூலமான்னும் தெரியும். அந்த டைப்பிஸ்ட் மார்லீன்!"

இந்த வருஷம் காது கேளாத மாணவி ஒருத்தி, பிரென்னா, ஹாகன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சட்டப்படி அவளுக்கு வசதி செய்து தரணும் என்று சம உரிமை ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அதன்படி மார்லீன் முன்வரிசையில் உட்கார்ந்து ஹாகன் பேசுவதைப் பேசப் பேச டைப் அடிப்பாள். பெரிய திரையில் எழுத்தாக ஓடும்.

"கடினமான வார்த்தை வரும்னு பாடக் குறிப்பை முன்கூட்டியே அவகிட்டக் கொடுக்கறீங்க இல்ல? அதோட பேப்பரும் போயிருக்கு. ஒரு பொண்ணுக்காக வகுப்பையே சினிமாக் கொட்டகை ஆக்காதீங்கன்னு அன்னிக்கு நீங்களே குதிச்சீங்க. இப்ப பார்த்தீங்களா, சட்டம் சட்டம்னு எங்க கொண்டுவந்து விட்டுதுன்னு!"

"மார்லீன் அப்படிப்பட்டவ இல்ல."

"அப்போ மறுதேர்வு. பேப்பரை நான் எடுக்கறேன். திரை கிடையாது, மார்லீன் கிடையாது. நானே நிப்பேன்."

செய்தி விடுதிக்குப் பறந்தது.

அதிகம் பயந்தவள் லூப்பே எஸ்கமியாதான். லாரி டிரைவர் மகள். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். மூன்றாவதும் போனால் நர்சிங் சீட் கிடையாது.

"நம்மளத் திருடிங்கிறாங்கடி!" என்றாள் தோழி.

"சொல்லட்டும். பேனாவால பதில் சொல்வோம்."

திங்கட்கிழமை தேர்வு. க்வென் பூனை மாதிரி வரிசை வரிசையாக நடந்தாள். கைபேசிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டியாயிற்று. கேள்விகள் போன தடவையைவிடக் கடினம். லூப்பே முதல் கேள்வியைப் படித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

புதன்கிழமை மதியம் துறை வாசலில் எண்பத்திநாலு பேரும் முண்டியடித்தார்கள். மார்லீன் ஓரமாக நின்று நகத்தைக் கடித்தாள்.

கதவு திறந்தது. க்வென் கையில் ஒரு தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"எண்பத்தி…" தொண்டையைச் செருமினாள். "எண்பத்தியொண்ணு."

"ஃபெயிலா?" யாரோ அலறினார்கள்.

"பாஸ்!"

கூரை இடிந்து விழாத குறை! தொப்பிகள் பறந்தன. யாரோ மார்லீனைத் தூக்கியே விட்டார்கள். "இறக்குங்கடா, எனக்கு முதுகுவலி!" என்று அவள் சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினாள்.

"மார்லீன், என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் க்வென், எல்லார் முன்னாலும். பிறகு லூப்பேயைப் பிடித்தாள். "தொண்ணூத்தியொரு மார்க்! எப்படிம்மா?"

"மேடம், முதல் ரெண்டு தடவையும் ஹாகன் சார் என்ன பேசறார்னே புரியல. இந்தத் தடவை படிக்க முடிஞ்சுது. அவ்வளவுதான்."

மாணவர்கள் ஆரவாரமாக உணவகத்துக்குக் கிளம்பினார்கள். க்வென் ஹாகனோடு அறைக்குத் திரும்பினாள்.

"ஒத்துக்கறேன், ஆரின். பிரென்னாவுக்காகச் செஞ்சது எல்லாருக்கும் உதவியிருக்கு. அவளைக் கூப்பிடுங்க, நன்றி சொல்லணும்."

"அவ இங்க இல்லையே. மூணாவது வாரமே மில்வாக்கி காலேஜுக்கு மாறிட்டா."

"என்னது! அப்போ ஏன் திரை இன்னும் ஓடுது?"

"எடுத்துடறோம்னுதான் ஆபீஸ்ல சொன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கேட்டு வச்சுக்கிட்டேன். நீங்ககூடக் கையெழுத்துப் போட்டீங்க, படிக்காம."

"கெஞ்சினீங்களா? நீங்களா?"

ஹாகன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"முதல் நாள் நான் பேசினதை நானே அந்தத் திரையில படிச்சேன், க்வென். அரை வாக்கியம். அப்புறம் 'காதில் விழவில்லை.' மறுபடி அரை வாக்கியம். பாவம் மார்லீன், காதுல விழுந்ததை அப்படியே அடிச்சிருந்தா. அன்னிலேர்ந்து திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசக் கத்துக்கிட்டேன்."

க்வென் மேஜைமேல் கிடந்த பழைய மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்தாள்.

"பசங்க மேல சந்தேகப்படாதீங்க. இருபத்திரண்டு வருஷமா அந்த வகுப்புல ஃபெயிலாகிட்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான்."